பிரிசத்தை எடுத்து பாக்கெட்டில் போட்டவர்

க்ரைம் படங்களில் இந்த சீன் இல்லாமல் இருக்காது. ரூம் முழுக்க இருட்டு. கையுறை போட்ட ஒருத்தர் ஊதா கலர் டார்ச் அடிப்பார். அதுவரைக்கும் சுத்தமாகத் தெரிந்த தரையில் பளிச்சென்று ஒரு கறை மின்னும். உடனே பேக்ரவுண்ட் மியூசிக்.

அதில் பாதி கப்சா. அந்த வெளிச்சத்தில் ரத்தம் மின்னாது, கறுப்பாகத்தான் தெரியும். மின்னுவது எச்சில், விந்து மாதிரியான மற்ற கறைகள். ஆனால் அந்த டார்ச் நிஜம். அதன் தாத்தா பேங்க் கேஷியர் மேஜையில் இருந்த, நோட்டை உள்ளே காட்டிப் பார்க்கும் சின்னப் பெட்டி. ஸ்கின் டாக்டர் தலையில் படை இருக்கிறதா என்று பார்க்க அடிக்கும் விளக்கும் அதே குடும்பம்தான். அதற்கு வுட்ஸ் லாம்ப் என்று பெயர். மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஒரு ஆளோட பெயர்: ராபர்ட் வில்லியம்ஸ் வுட்.

அவரைப் பற்றி இப்போது எதுக்கு என்று கேட்பீர்கள். தடயவியலில் இன்று எல்லாரும் பேசுவது ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா பற்றி. உங்கள் மொபைல் கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே மூன்று எண்ணைத்தான் எழுதி வைக்கும். இந்தக் கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு, இருநூறு அலைநீளங்களில் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்று எழுதி வைக்கும். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு பேனா மையும் இதில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். காசோலையில் 1-ஐ 7 ஆக்கியவர் மாட்டுவது இப்படித்தான். இதற்குள் இருக்கும் அடிப்படை யோசனைகளில் பலவற்றைக் கையால் செய்து பார்த்தவர் வுட். அதைவிட முக்கியமாக, இந்த மாதிரி ஒரு கருவி காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஒரு இருட்டு அறையில் உலகத்துக்கே சோதித்துக் காட்டியவரும் அவர்தான்.

1868 மே 2-ம் தேதி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கான்கார்ட் ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். பையனுக்குப் பள்ளிக்கூடத்தைவிட, வீட்டுக்குப் பக்கத்தில் ராட்சத ஃபேன்கள் செய்யும் தொழிற்சாலைதான் பிடித்த இடம். 1891-ல் ஹார்வர்டில் வேதியியல் பட்டம். அப்புறம் ஒரு இடத்திலும் நிலையாக இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ, பெர்லின் என்று சுற்றினார். பெர்லினில் இருந்தபோது ஓட்டோ லிலியன்தாலின் கிளைடரில் ஏறிப் பறந்து பார்த்தார், லிலியன்தால் பறப்பதைப் படமும் எடுத்தார். கொஞ்ச நாளில், 1896 ஆகஸ்டில், லிலியன்தால் அதே மாதிரி ஒரு கிளைடரிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

மாணவராக இருந்த காலத்துக் கதை ஒன்று உண்டு. நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடும் எல்லாருக்கும் இது உடனே புரியும். அவர் தங்கியிருந்த விடுதியில் காலை டிபனுக்குக் கொத்துக்கறி மாதிரி ஒன்று வரும். முந்தின நாள் ராத்திரி தட்டில் மிஞ்சியதைத்தான் திரும்பக் கொத்திப் போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் சந்தேகம். சந்தேகம்தான், நிரூபிக்க வழி இல்லை. வுட் ஒருநாள் தன் தட்டில் மிஞ்சிய கறித்துண்டில் லித்தியம் குளோரைடைத் தூவி வைத்தார். பார்க்க உப்பு மாதிரியே இருக்கும். மறுநாள் காலையில் டிபனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போய் சுடரில் காட்டி, ஸ்பெக்ட்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தார். லித்தியத்தின் சிவப்புக் கோடு, 671 நானோமீட்டர் பக்கத்தில், அழகாக நின்றது. கேஸ் முடிந்தது. (நீங்க செய்யாதீங்க. லித்தியம் உப்பு உடம்புக்கு நல்லதில்லை.) இந்தக் கதை வாய்வழியாக வளர்ந்து வந்தது, கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அதில் உள்ள முறையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்று. அதைப் பொருளின் நிறமாலை காட்டிக்கொடுக்கிறது.

விஸ்கான்சினில் சில வருஷம் பாடம் நடத்தினார். குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறைந்துபோன தண்ணீர் பைப்புகளை, தோண்டாமல் மின்சாரம் பாய்ச்சி உருக்கியதில் ஊருக்குள் ஹீரோ ஆனார். 1901-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அழைத்தது. அங்கே அதுவரை இருந்தவர் ஹென்றி ரோலண்ட். கிரேட்டிங் என்றால் நமக்கு லேபில் லேசரை அடித்துப் புள்ளிகளை எண்ணும் கண்ணாடித் துண்டுதான் ஞாபகம் வரும். ரோலண்ட் செய்தது உலோகக் கண்ணாடியில் வைர முனையால் ஒரு அங்குலத்துக்கு 14,000-க்கும் மேலான கோடுகளைக் கீறும் இயந்திரம். உலகத்தில் பாதி லேப்கள் அந்த கிரேட்டிங்கை வாங்கித்தான் வேலை செய்தன. ரோலண்ட் இறந்ததும் அந்த நாற்காலியும் இயந்திரங்களும் வுட் கைக்கு வந்தன. 1910-ல் அவர் கீறல்களின் சரிவை மாற்றி, வெளிச்சத்தில் பெரும்பகுதி வேண்டிய ஒரே வரிசையில் போய்ச் சேரும்படி கிரேட்டிங் செய்தார். இன்றைய ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமராக்கள் பலவற்றைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பிளவு, அடுத்து அந்த ரகக் கிரேட்டிங் ஒன்று, கடைசியில் சென்சார். படத்தை வரிவரியாக நகர்த்தி எடுப்பார்கள்.

1903-ல் அவர் செய்த கண்ணாடிதான் அந்த விளக்குக்குப் பெயர் கொடுத்தது. நிக்கல் ஆக்சைடு கலந்த கறுப்புக் கண்ணாடி. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஏறக்குறைய முழுக்க நிறுத்திவிட்டு, புற ஊதாவை மட்டும் (கொஞ்சம் அகச்சிவப்பையும்) உள்ளே விடும். விளக்கு எரியும், ரூம் இருட்டாகவே இருக்கும், ஒளிரக்கூடிய பொருள் மட்டும் தானாக எரிவது மாதிரித் தெரியும்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் இந்த ஆளை எனக்குப் பிடிக்கக் காரணம்.

பிரான்ஸில் நான்சி என்ற ஊர். அங்கே ரெனே ப்ளோண்ட்லோ என்ற இயற்பியல் பேராசிரியர். ஏமாற்றுக்காரர் இல்லை. நல்ல பெயர் எடுத்த, கவனமான ஆள். எக்ஸ் கதிர் கண்டுபிடித்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை, புதுக் கதிர் என்றாலே எல்லாருக்கும் ஆர்வம் பிறந்த காலம். 1903-ல் ப்ளோண்ட்லோ ஒரு புதுக் கதிரைக் கண்டதாக அறிவித்து, தன் ஊர்ப் பெயரால் என் கதிர் என்று பெயர் வைத்தார். அது பட்டால் மங்கலான மின்பொறியும், மினுங்கும் திரையும் இன்னும் கொஞ்சம் பிரகாசம் ஆகும். எவ்வளவு என்று மீட்டர் எதுவும் சொல்லாது. இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு உட்கார்ந்து, பிரகாசம் கூடிவிட்டது என்று பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். பிரான்ஸில் பல பேர் பார்த்துவிட்டார்கள். கட்டுரைகள் மழையாகக் கொட்டின. மனித நரம்பிலிருந்தும் அந்தக் கதிர் வருகிறது என்றார்கள். ஆனால் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வுட்டும் பால்டிமோரில் முயன்று பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

1904 செப்டம்பரில் நேராக நான்சிக்கே போனார். ப்ளோண்ட்லோ அன்பாக வரவேற்று ஒவ்வொரு சோதனையாகச் செய்து காட்டினார். அலுமினியப் பிரிசம் ஒன்று அந்தக் கதிரை நிறமாலையாகப் பிரிக்கிறதாம். மினுங்கும் கோடு ஒன்றை நகர்த்தி, எந்தெந்த இடத்தில் பிரகாசம் கூடுகிறது என்று ப்ளோண்ட்லோ இருட்டில் எண்களை வாசித்துக்கொண்டே வந்தார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு துல்லியம். வுட் கையை நீட்டி, பிரிசத்தை எடுத்துவிட்டார். எண்கள் மாறவில்லை. நிறமாலையை உண்டாக்கும் பொருளே அங்கே இல்லை, நிறமாலை மட்டும் அதே இடத்தில் இருந்தது.

இன்னொரு சோதனை. ஒரு எஃகு அரத்தை நெற்றிப் பக்கம் வைத்தால் அதிலிருந்து வரும் கதிரால் மங்கலான கடிகார முகப்பு தெளிவாகத் தெரியும் என்றார்கள். வுட் இருட்டில் அரத்தை எடுத்துவிட்டு, அதே அளவு மரக்கட்டையை வைத்தார். கடிகாரம் அப்போதும் தெளிவாகவே தெரிந்தது. கடைசியில் உதவியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் ஒருமுறை தானே பார்க்கிறேன் என்றபோது, வுட் சத்தம் கேட்கும்படி பிரிசம் பக்கம் நடந்து போனார், ஆனால் எதையும் தொடவில்லை. நிறமாலை காணாமல் போய்விட்டது என்று உதவியாளர் சொல்லிவிட்டார்.

அந்த மாதமே நேச்சர் இதழில் வுட்டின் கடிதம் வந்தது. ஊர்ப் பெயரும் இல்லை, பேராசிரியர் பெயரும் இல்லை, என்ன நடந்தது என்று மட்டும் இருந்தது. பிரான்ஸுக்கு வெளியே என் கதிர் அதோடு முடிந்தது. வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் இப்படிச் செய்தது சரியா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றும். ஆனால் சொல்லிவிட்டுச் செய்தால் அந்தச் சோதனை சோதனையே இல்லை. பார்ப்பவருக்கு விஷயம் தெரியாமல் இருப்பதில்தான் அதன் மொத்த மதிப்பும்.

இப்போது இதைத் தடயவியல் லேபுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு சட்டை வருகிறது. கறுப்புத் துணி, ரத்தம் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் பக்கம் வெளிச்சத்தை நன்றாக விழுங்கும், 540, 576 பக்கங்களில் இரண்டு சின்னப் பள்ளங்கள். ரத்தம் காயக் காய ஹீமோகுளோபின் மாறும், பள்ளங்களும் மாறும், அதை வைத்துக் கறையின் வயசைக்கூட மதிப்பிடப் பார்க்கிறார்கள். கேமரா இதையெல்லாம் அளந்து கொடுத்துவிடும். அதன்பின் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் ரத்தத்தின் வளைவோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போனால் சிவப்பு அடிப்பது என்று ஒரு வரம்பு வைக்கும். அந்த வரம்பை வைப்பது மனுஷன்தான். கொஞ்சம் தளர்த்தினால் துணிச்சாயமும் ரத்தம் ஆகும். இந்தச் சட்டை சந்தேக நபருடையது, போலீஸுக்குக் கிட்டத்தட்ட உறுதி என்று அவர் காதில் ஏற்கனவே விழுந்திருந்தால்? நான்சியில் இருட்டில் எண் வாசித்தவரும் நேர்மையானவர்தான். அங்கே போனது ஒரு பேராசிரியரின் பெயர். இங்கே போவது ஒருத்தரின் ஆயுள் தண்டனையோ, தப்பித்துவிட்ட ஒரு கொலையோ. அதனால்தான் எது ரத்தம், எது சாஸ் என்று சொல்லாமலே மாதிரிகளைக் கொடுத்து லேபைச் சோதிக்கிறார்கள். அது வுட் பிரிசத்தை எடுத்த அதே வேலை.

சந்தேகப்படுவது மட்டுமே அவர் தொழில் என்று நினைத்துவிடாதீங்க. 1910-ல் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் இன்றைக்கும் அசந்துபோவீங்க. அகச்சிவப்பில் எடுத்த படங்களில் வானம் கறுப்பு, மரத்து இலைகள் பனி மூடிய மாதிரி வெள்ளை. இலை அகச்சிவப்பை விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. இதற்கு வுட் விளைவு என்று பெயரே இருக்கிறது, ஆனால் அதிலும் மரம் இல்லை, அவர் பெயர்தான். புற ஊதாவில் எடுத்த படத்தில் நல்ல வெயிலில் ரோட்டில் நிற்கும் ஆளுக்கு நிழலே கிட்டத்தட்ட இல்லை. புற ஊதா நேராக வருவதைவிட வானம் முழுக்கச் சிதறி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுதான் காரணம். நம் கண்ணுக்கு வெள்ளைவெளேர் என்று இருக்கும் துத்தநாக வெள்ளைப் பெயிண்ட் புற ஊதாப் படத்தில் கரி மாதிரி இருந்தது. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைப் பெயிண்டால் எதையாவது மறைத்தால் நமக்குத் தெரியாது, புற ஊதாவில் உடனே தெரிந்துவிடும். ஆவணத் திருத்தம் பிடிக்கும் வேலையின் அரிச்சுவடி இது.

அதே வருஷம் கேமராவை நிலாவுக்குத் திருப்பினார். கோடையில் குடும்பத்தோடு தங்கும் ஈஸ்ட் ஹாம்ப்டனில் மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு பழைய களஞ்சியம்தான் அவர் லேப். (அங்கே நாற்பது அடி நீள ஸ்பெக்ட்ரோகிராஃப் குழாய்க்குள் ஒட்டடை சேர்ந்தபோது, ஒரு முனையில் வீட்டுப் பூனையை விட்டு மறுமுனையால் வரவைத்துச் சுத்தம் செய்தாராம்.) நிலாவை மஞ்சள், ஊதா, புற ஊதா என்று தனித்தனி ஃபில்டரில் எடுத்தார். அரிஸ்டார்க்கஸ் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் மஞ்சளில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது, ஊதாவில் லேசாக மங்கியது, புற ஊதாவில் கறுத்துப்போனது. சும்மா விடவில்லை. எரிமலைப் பாறைத் துண்டில் கொஞ்சம் கந்தகத்தைப் படியவைத்து அதே ஃபில்டர்களில் எடுத்தார். அதே மாதிரி வந்தது. கந்தகமாக இருக்கலாம் என்று எழுதினார். அது கந்தகம்தானா என்பது வேறு விஷயம். இடத்துக்கே போகாமல், ஒரே காட்சியைப் பல அலைநீளத்தில் எடுத்து, தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல முயன்றார் இல்லையா? மூன்று ஃபில்டருக்குப் பதில் இருநூறு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய முறை அதுதான். 2010-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இப்படித்தான், 1776 சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில் ஜெஃபர்சன் ஈர மையைத் தேய்த்து அழித்துவிட்டுக் குடிமக்கள் என்று எழுதிய இடத்துக்கு அடியில், பிரஜைகள் என்ற சொல் இருந்ததைக் கண்டுபிடித்தது.

முதல் உலகப் போரில் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் ரகசியச் சமிக்ஞை அனுப்பும் வேலை. அப்புறம் போலீஸும் அவரைத் தேடி வர ஆரம்பித்தது. 1920 செப்டம்பரில் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டியில் வந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த விசாரணையில் வுட்டிடமும் உதவி கேட்டார்கள். குற்றவாளி கடைசிவரை மாட்டவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பேப்பரில் பெரிதாக வராத ஒரு மரணம். 1936-ல் ராயல் சொசைட்டி இதழில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஒரு இளம்பெண் வீட்டில் குளிர்காய எரியும் நிலக்கரி உலையின் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே ஏதோ சின்னதாக வெடித்தது. மார்பெலும்பில் ஒரு சின்ன ஓட்டை, ரத்தக்குழாய் அறுந்து சில நிமிஷத்தில் உயிர் போய்விட்டது. உள்ளே இருந்து எடுத்தது குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு செம்புத் துணுக்கு. துப்பாக்கிக் குண்டு மாதிரியும் இல்லை. யார் சுட்டது? எப்படி?

வுட் யூகிக்கவில்லை. சுரங்கத்தில் பாறை பிளக்கப் பயன்படும் டெட்டனேட்டரின் செம்புக் கூட்டை எடுத்துப் பார்த்தார். அதன் அடிப்பாகம் லேசாகக் குழிந்திருந்தது. அந்த மாதிரி டெட்டனேட்டர்களைத் தானே வெடிக்கவைத்து, பறக்கும் துணுக்கைப் பிடித்தார். குழிந்த அடித்தகடு ஒரு நொடியின் சின்னப் பங்குக்குள் உள்வெளியாகத் திரும்பி, கெட்டியான ஒரு சின்னத் துளியாகி, ரைஃபிள் குண்டைவிட வேகமாகப் பாய்கிறது. சுரங்கத்தில் வெடிக்காமல் தங்கிய ஒரு டெட்டனேட்டர் நிலக்கரியோடு கலந்து அந்த வீட்டு உலைவரைக்கும் வந்திருக்கிறது. கொலை இல்லை, கொலைகாரனும் இல்லை. யாராவது ஒருத்தர் மேல் சந்தேகத்தை வைத்துவிட்டு ஆதாரத்தைத் தேடியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். கவச வண்டிகளைத் துளைக்கப் பின்னாளில் ராணுவங்கள் செய்த ஒரு வகை ஆயுதத்தின் அடிப்படையும் இந்தச் சின்னச் செம்புத் துளிதான். அதை நினைத்தால் கொஞ்சம் கசப்பாக இருக்கிறது.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் இவர் வாழ்க்கையில் வருகிறார். ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது என்ன ஆகிறது என்று வுட் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். 1928-ல் கல்கத்தாவிலிருந்து திருச்சிக்காரர் சி.வி.ராமன் விடையை அறிவித்தார். கைக்கெட்டிய தூரத்தில் தவறவிட்ட ஆள் பொருமியிருக்கலாம். வுட் உடனே தன் லேபில் செய்து பார்த்து, ராமன் சொன்னது சரிதான் என்று பாராட்டோடு நேச்சருக்குத் தந்தி அடித்தார். எதையும் எளிதில் நம்பாதவர் என்று பெயர் எடுத்தவரின் சாட்சி அது, அதனால் எடை அதிகம். 1930-ல் ராமனுக்கு நோபல். வுட் பெயர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்றைக்குக் கையடக்க ராமன் கருவியை வைத்து, கவரைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது போதைப் பொருளா மாவா என்று பார்க்கிறார்கள்.

ரொம்ப சீரியஸான ஆள் என்று நினைக்க வேண்டாம். மழை பெய்த பால்டிமோர் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் துப்பிக்கொண்டே யாருக்கும் தெரியாமல் சோடியம் துண்டைப் போட்டு, எச்சிலே தீப்பிடிக்கிறது என்று வழிப்போக்கர்களை அலறவைத்ததாகச் சொல்வார்கள். பறவைகளையும் பூக்களையும் குழப்பி, குழந்தைகளுக்குச் சிரிப்புப் பாட்டும் படமுமாக 1907-ல் ஒரு புத்தகம் போட்டார். அது அவருடைய ஒளியியல் பாடப்புத்தகத்தைவிட அதிகம் பேர் கைக்குப் போயிருக்கும். மீனின் கண்ணுக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்று படம் எடுத்து, ஃபிஷ் ஐ என்று பெயர் வைத்ததும் இவர்தான். உங்கள் இன்ஸ்டா ஃபில்டருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் இவருக்குச் சொல்லுங்கள்.

1938-ல் ஓய்வு பெற்ற பிறகும் லேபுக்குப் போய்வந்தார். 1955 ஆகஸ்ட் 11-ம் தேதி, 87 வயதில், நியூயார்க் மாகாணத்தின் அமிட்டிவில்லில் இறந்தார். அவர் புற ஊதாவில் பார்த்த அந்தக் கறுப்புத் திட்டை இப்போதும் வுட்டின் புள்ளி என்கிறார்கள். நிலாவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அது நிலாவின் மறுபக்கத்தில் இருக்கிறது, ஈஸ்ட் ஹாம்ப்டனிலிருந்து எந்த ஃபில்டர் போட்டாலும் தெரியாது.